மலை வீட்டு மரத்தரையும் டர்ன்டேபிள் முள்ளும்

குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய வீட்ல குடியிருந்துகிட்டு ரெக்கார்டு கேக்கறவங்க எல்லாரும் என்கிட்ட கேக்கறது இதுதான்: சாமானை அடுக்கி வைக்க எந்த ரேக் வாங்கலாம், ஸ்பீக்கருக்கு எந்த ஸ்டாண்டு நல்லது, அடியில கூம்பு மாதிரி பித்தளை கோன் போடலாமா, கூர் முனை ஸ்பைக் போடலாமா. நான் சொல்ற பதில் எப்பவும் மாறறதில்ல. டர்ன்டேபிளை, அதாவது ரெக்கார்டு சுத்தற பொட்டியை, தரையிலருந்து எடுத்து செவுத்துல மாட்டுங்க. ஸ்பீக்கருக்கும் தரைக்கும் உள்ள ஒட்டுறவை அறுத்துவிடுங்க. மத்ததெல்லாம் காத்து போற மாதிரி எந்த ரேக்ல வேணா இருக்கட்டும். காசு செலவு பண்றதும் இதே வரிசையிலதான் பண்ணணும். இதுக்கு ஏன் இவ்ளோ அழுத்தம் குடுக்கறேன்னா, ரேக் பத்தி நெட்ல எழுதறவங்கள்ல பாதி பேரு கான்கிரீட் தளத்து மேல உக்காந்துகிட்டு எழுதறாங்க, அவங்களுக்கு சரியா வர்றது நம்ம மரத்தரைக்கு அப்படியே தலைகீழா போயிரும், அதைப் படிச்சுட்டு நம்ம பசங்க ஒரு மாச சம்பளத்தை கொண்டுபோய் பித்தளை கோன்ல போட்டுட்டு வந்து நிக்கறாங்க.

மொதல்ல நம்ம தரை எப்படின்னு பாப்போம். பழைய பங்களா வீடுங்கள்ல தரைக்கு அடியில காலி இடம் விட்டிருப்பாங்க, ஓதம் ஏறாம இருக்கறதுக்காக, காத்து போறதுக்கு செவுத்து அடியில சின்னச் சின்ன ஜன்னல் மாதிரி ஓட்டை இருக்கும். அந்தக் காலி இடத்துக்கு மேல மரச்சட்டம் ஒரு செவுத்துலருந்து இன்னொரு செவுத்துக்கு ஓடும், அதுக்கு மேல பலகை அடிச்சிருப்பாங்க. குளிருக்கு ரொம்ப நல்லது, காலு வெதுவெதுன்னு இருக்கும். ஆனா ஹால்ல ஒருத்தர் வேகமா நடந்து போனா ஷோகேஸ்ல இருக்கற கண்ணாடி டம்ளரெல்லாம் கிணுகிணுங்கும். அந்த கிணுகிணுப்புதான் டர்ன்டேபிளுக்கும் போகுது, காதுல விழறதுக்கு முன்னாடியே முள்ளு அதை வாங்கிக்குது.

மனுஷன் சாதாரணமா நடந்தா நொடிக்கு ரெண்டு அடி வைக்கறான், அதாவது 2 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு அடியும் ஒரு குத்து மாதிரி விழறதால 4, 6, 8ன்னு அதோட மடங்குகளும் கூடவே வரும். மரத்தரைக்கு தனக்குன்னு ஒரு ஆட்டம் இருக்கு, சட்டத்தோட நீளம் தடிமனைப் பொறுத்து பெரும்பாலும் 8லருந்து 15 ஹெர்ட்ஸுக்குள்ள எங்கயாவது நிக்கும். இப்ப டோன் ஆர்மைப் பாருங்க, முள்ளைத் தாங்கிகிட்டு ரெக்கார்டு மேல போற கை அது. ஆர்மோட எடையும் அதோட நுனியில இருக்கற கார்ட்ரிட்ஜ் முள்ளோட வளையற தன்மையும் (கம்ப்ளையன்ஸ்) சேர்ந்து அதுக்கும் ஒரு ரெசனன்ஸ், அதாவது இயல்பான ஆட்டம் உண்டு, அது 8லருந்து 12 ஹெர்ட்ஸுக்குள்ள இருக்கணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க, ஏன்னா அதுக்குக் கீழ போனா வளைஞ்ச ரெக்கார்டோட ஏத்த இறக்கத்துல மாட்டிக்கும், மேல போனா பாட்டோட பேஸ்ல மாட்டிக்கும். கணக்கு போட ஆசைப்படறவங்களுக்கு: ஆர்மோட எஃபெக்டிவ் மாஸ் (முள்ளுக்குத் தெரியற எடை), கார்ட்ரிட்ஜ் எடை, ஸ்க்ரூ எல்லாம் கூட்டினா 20 கிராம், கம்ப்ளையன்ஸ் 15ன்னு வச்சா 20ஐ 15ஆல பெருக்கி வர்ற 300க்கு வர்க்கமூலம் எடுங்க, 159ஐ அதால வகுங்க, 9 ஹெர்ட்ஸ் சொச்சம் வரும். ஆக காலடி, தரை, ஆர்ம் மூணும் ஒரே எடத்துல வந்து கைகோத்துக்குது. கான்கிரீட் தளத்துல இந்தக் கூட்டணி அவ்வளவா அமையாது, ஏன்னா அந்தத் தளம் பொதுவா இன்னும் விறைப்பா, கனமா இருக்கும்.

இது பத்தாதுன்னு ஃபோனோ ஸ்டேஜ் வேற, முள்ளுலருந்து வர்ற சின்ன சிக்னலைப் பெருசு பண்ற பகுதி. ரெக்கார்டு வெட்டும்போது பேஸைக் குறைச்சு வெட்டுவாங்க, நாம கேக்கும்போது அதே அளவு தூக்கணும், ஆர்ஐஏஏங்கற ரெக்கார்டு தரக் கணக்குப்படி 1000 ஹெர்ட்ஸை விட 20 ஹெர்ட்ஸ் சுமார் 19 டெசிபல் தூக்கலா வரும், வோல்ட்டேஜ்ல கிட்டத்தட்ட 9 மடங்கு. அதனால தரையிலருந்து வந்த அந்த சின்ன ஆட்டத்தையும் ஆம்ப் பெருசு பண்ணி ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஸ்பீக்கரோட துணியை கழட்டிட்டு பாருங்க, பாட்டே இல்லாத எடத்துல வூஃபர் (பேஸ் பாடற பெரிய ஸ்பீக்கர்) முன்னும் பின்னும் தள்ளாடிகிட்டு இருந்தா அதுதான் விஷயம். பழைய ஆம்ப் சிலதுல காதுக்குக் கேக்காத அடி ஆட்டத்தை வடிகட்ட சப்சானிக் ஃபில்டர்னு ஒரு சுவிட்ச் இருக்கும், இருந்தா அதைப் போட்டு விடுங்க, மொதல் வைத்தியம் அதுதான், காசே இல்ல.

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு, நிக்கற ரெக்கார்டு மேல முள்ளை இறக்கி வச்சுட்டு, வால்யூமை மெதுவா, ரொம்ப மெதுவா ஏத்துங்க, நீங்க வழக்கமா கேக்கற அளவு வரைக்கும் போதும். இப்ப டர்ன்டேபிள் இருக்கற பலகையை விரல் நுனியால தட்டுங்க, ஸ்பீக்கர்ல கேக்குதா? வீட்ல யாரையாவது ஹாலுக்கு குறுக்க நடக்கச் சொல்லுங்க. ஃப்ரிட்ஜ் கம்ப்ரெஸர் ஓட ஆரம்பிக்கும்போது கவனிங்க. நடையில தெரியுதுன்னா தரைதான் வழி, தட்டுனா மட்டும் தெரியுதுன்னா பலகை வழி. ரெண்டுமே இல்லாம, ஒரு அளவுக்கு மேல வால்யூம் வச்சா ஊஊன்னு ஊளையிட ஆரம்பிச்சுதுன்னா (உடனே குறைச்சுருங்க, வூஃபர் போயிரும்) ஸ்பீக்கர் சத்தம் காத்து வழியாவோ தரை வழியாவோ திரும்பி முள்ளுக்கு வருதுன்னு அர்த்தம். இன்னும் நுணுக்கமா பாக்கணும்னா ஃபோன்ல ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, ஜெர்மனியில ஆஹென் பல்கலைக்கழகத்துல பண்ணது, இலவசம். அதுல ஆக்ஸிலரேஷன் ஸ்பெக்ட்ரம் எடுத்துட்டு ஃபோனை தரையில வச்சு பக்கத்துல ஒருத்தரை குதிகாலைத் தூக்கி நுனிக்கால்ல நிக்கச் சொல்லி தொப்புன்னு குதிகால்ல இறங்கச் சொன்னா உங்க தரை எத்தனை ஹெர்ட்ஸ்ல ஆடுதுன்னு கோடு போட்டு காட்டிரும். அப்புறம் அதே ஃபோனை செவுத்துல மாட்டின ஒரு ஷெல்ஃப் மேல வச்சு அதே மாதிரி பண்ணிப் பாருங்க. ரெண்டு கோட்டையும் ஒருதடவை பக்கத்துல பக்கத்துல பாத்தவங்க அப்புறம் ஸ்பைக் பத்தி என்கிட்ட கேக்கறதில்ல.

ஸ்பைக்கைப் பத்தி இங்கயே சொல்லிடறேன். ஸ்பைக் அதிர்வை நிறுத்தாது, பொருளையும் தரையையும் இறுக்கிப் பிடிச்சு வைக்கும், அவ்ளோதான் அதோட வேலை. கார்ப்பெட்டுக்கு அடியில கெட்டியான தளம் இருக்கற எடத்துல ஸ்பீக்கர் ஆடாம நிக்கறதுக்கு நல்லது. ஆடற தரையோட இறுக்கிக் கட்டினா ஆட்டமும் சேர்ந்துதான் வரும். போதாக்குறைக்கு நூறு வருஷத்துப் பலகையில ஓட்டை விழும், வாடகை வீடுன்னா ஓனருக்கு யார் பதில் சொல்றது?

அதிர்வைப் பிரிக்கறதுன்னா அதுக்கு ஒரு தளர்வு வேணும், ஸ்பிரிங்கோ ரப்பரோ. கொத்தனாரோட தூக்குக்குண்டை கையில பிடிச்சுப் பாருங்க. கையை மெதுவா அப்படி இப்படி நகத்துனா குண்டும் கூடவே வரும். குண்டு ஆடற அதே தாளத்துல கையை ஆட்டினா குண்டு எங்கயோ போய் அடிக்கும். கையை படபடன்னு வேகமா ஆட்டினா குண்டு நின்ன எடத்துலயே நிக்கும். ஸ்பிரிங் மேல வச்ச டர்ன்டேபிளும் இதேதான். அதோட இயல்பான ஆட்டத்தை விட சுமார் 1.4 மடங்கு மேல இருக்கற அதிர்வைத்தான் அது குறைக்க ஆரம்பிக்கும், 3 மடங்குல எட்டுல ஒரு பங்கா குறைக்கும், அதே தாளத்துல வர்றதை ரொம்ப பெருசாக்கிரும். இந்த கடைசி விஷயத்தை விக்கறவங்க யாரும் சொல்றதில்ல.

ஸ்பிரிங் எவ்ளோ அமுங்குதுன்னு பாத்தாலே அதோட ஆட்டம் தெரிஞ்சுரும். எடை வச்சதும் 1 மில்லிமீட்டர் அமுங்குனா 16 ஹெர்ட்ஸ், 10 மில்லிமீட்டர்னா 5 ஹெர்ட்ஸ், 25 மில்லிமீட்டர்னா 3 ஹெர்ட்ஸ் சொச்சம். இதை வச்சு கடையில இருக்கற எல்லாத்தையும் நீங்களே எடை போட்டுக்கலாம். கெட்டி ரப்பர் பாதம், கொஞ்சம்கூட அமுங்காதது, 9 ஹெர்ட்ஸ் ஆடற தரையில என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது. பலகையோட கணகண சத்தத்தை வேணா கொஞ்சம் அடக்கும். சார்போதேன் மாதிரி ஜெல் ரப்பர் நல்ல பொருள்தான், ஆனா மேல ஏறற எடைக்கு ஏத்ததா எடுத்து 10லருந்து 20 சதவீதம் அமுங்கற மாதிரி வச்சாத்தான் வேலை செய்யும், அதிகமா வாங்கி எட்டு வச்சா நல்லதுன்னு நினைச்சா விறைச்சுகிட்டு நிக்கும். நம்ம ஊர்ல இன்னொண்ணு, குளிர்ல இந்த ரப்பரெல்லாம் கெட்டியாயிரும், ஊட்டி பக்கம் ஜனவரியில உறைபனி கொட்டற ராத்திரியில மத்தியான குணம் அதுக்கு இருக்காது. மரத்துல எண்ணெய்க் கறையும் விடும், அடியில ஒரு பழைய சிடி வச்சுக்கங்க.

உங்க டர்ன்டேபிள் எந்த ஜாதின்னும் பாக்கணும். 1961ல எட்கர் வில்ச்சர் பண்ண ஏஆர் டர்ன்டேபிள், 1965ல வந்த தோரன்ஸ் டிடி 150, அப்புறம் லின் எல்பி12, இதெல்லாம் உள்ளுக்குள்ளயே ஸ்பிரிங்ல தொங்கற வகை. இதுங்களுக்கு அடியில மறுபடி ஸ்பிரிங் பாதம் வைக்காதீங்க, ரெண்டு ஸ்பிரிங்கும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். இந்த வகைக்கு லேசான, விறைப்பான ஷெல்ஃப்தான் பிடிக்கும். அதுவும் மரத்தரையில வச்சா காலடிக்கே பிளாட்டர் (ரெக்கார்டு வைக்கற சுத்தற தட்டு) தொட்டில் மாதிரி ஆடும், ஆர்ம் குதிக்கும், அதனால இதுங்களுக்கு செவுரைத் தவிர வேற கதி இல்ல. 1972ல வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மாதிரி கனமான ஆளுங்களுக்கு கனமான கல்லு பலகை ஒத்துவரும், அடியில ஸ்பிரிங்கும் வைக்கலாம்.

சரி, செவுரு. பழைய வீடுகள்ல கல்லுலயோ செங்கல்லுலயோ ஒண்ணரை அடி கனத்துக்கு செவுரு வச்சிருப்பாங்க, இதைவிட நல்ல ஆடியோ ஸ்டாண்டு எந்தக் கம்பெனியும் செஞ்சதில்ல, நிஜமா சொல்றேன். கூரையைத் தாங்கற செவுரா பாத்து எடுங்க. ரெண்டு ரூமுக்கு நடுவுல பலகை அடிச்ச தடுப்பு இருந்தா அது பறை மாதிரி, கிட்டயே போகாதீங்க. துளை போடும்போதுதான் கவனம், இந்த செவுரெல்லாம் சுண்ணாம்புக் காரையோ மண்ணோ வச்சு கட்டினது, ஜாயிண்டுல பிளாஸ்டிக் கட்டை வச்சு ஸ்க்ரூ முடுக்கினா ஒரு மாசத்துல பல்லு ஆடற மாதிரி ஆடும். பூச்சைக் கொஞ்சம் தட்டிப் பாத்து கல்லு எங்க இருக்கு காரை எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு, நட்டநடு கல்லுல துளை போட்டு, நீளமான ஆங்கர் போல்ட்டோ, பசை ஊத்தி நிறுத்தற கெமிக்கல் ஆங்கரோ போடச் சொல்லுங்க. எங்க வீட்டுக்கு வந்த ஆசாரி அண்ணன் டர்ன்டேபிளைப் பாத்துட்டு "ஏன் தம்பி, அஞ்சாறு கிலோ பொட்டிக்கு எதுக்கு இவ்ளோ பெரிய போல்ட்டு, மாடா கட்டப்போறீங்க"ன்னாரு. "எடைக்கு இல்லண்ணே, அசையக் கூடாது, மயிரிழைகூட அசையக் கூடாது"ன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவரே பிடிச்சு இழுத்து இழுத்துப் பாத்துதான் முடுக்கினாரு.

பிராக்கெட் மேல என்ன பலகை வைக்கலாம்னா, எனக்குப் பிடிச்சது கடப்பா கல்லு. 18க்கு 15 அங்குலம், 20 மில்லிமீட்டர் கனம்னா 9 கிலோவுக்கு மேல வரும். சமையல் மேடை போடறவங்ககிட்ட வெட்டு மிச்சத்துலயே கிடைக்கும், ஓரத்தை மட்டும் உரசித் தரச் சொல்லுங்க. கல்லை வெறுமனே இரும்பு மேல வச்சா தட்டுனா கணீர்னு சத்தம் வரும், அதனால நடுவுல சைக்கிள் டியூப் வெட்டி நாலு துண்டு வைங்க, சத்தம் செத்துரும். கல்லு மேல ரசமட்டம் வச்சு ரெண்டு பக்கமும் பாத்துக்கங்க. மட்டம் இல்லன்னா ஆர்ம் ஒரு பக்கமா சாயும், மத்ததெல்லாம் பண்ணி பிரயோஜனமில்ல.

செவுத்துல துளை போட ஓனர் விடமாட்டேன்னா? ரேக்கை ஹால் நடுவுல வைக்காம சட்டம் செவுத்துல போய் உக்கார்ற ஓரத்துல வைங்க, ஆட்டம் அங்க குறைவு. பலகையில ஆணி வரிசை தெரியும், அதுதான் அடியில சட்டம் ஓடற எடம். தரைக்கு அடியில ஆள் நுழைய முடிஞ்சா ரேக்குக்கு நேர் கீழ செங்கல் அடுக்கி சட்டத்துக்கு முட்டு குடுத்துருங்க, வீட்டுக்கும் நல்லதுன்னு சொன்னா ஓனர் ஒத்துக்குவாரு, நிஜமாவே வீட்டுக்கு நல்லதுதான். ரேக் குட்டையா, கனமா, குறுக்கு ஆட்டம் இல்லாம இருக்கணும். உசரமான ஒல்லி ரேக்கோட மேல் தட்டுல டர்ன்டேபிள் வச்சா தரை ஒரு பங்கு ஆடினா மேல ரெண்டு பங்கு ஆடும். மூலையிலயும் வைக்காதீங்க, பேஸ் எல்லாம் மூலையிலதான் போய் குமியும், 4 மீட்டர் ரூம்னா மொத அலை 43 ஹெர்ட்ஸ்ல வரும், அந்த அழுத்தம் முழுசா மூலையில முள்ளு மேல விழும்.

ஸ்பீக்கர் பக்கம் வருவோம். ஸ்பீக்கரோட கோன், அதாவது உள்ள ஆடற கூம்பு, முன்னாடி தள்ளினா பொட்டி பின்னாடி தள்ளும், எவ்ளோன்னா கோன் 15 கிராம், பொட்டி 8 கிலோன்னு வச்சா ஐநூத்துல ஒரு பங்கு. கோன் 5 மில்லிமீட்டர் போனா பொட்டி சுமார் 10 மைக்ரான் நகரும். கேக்க சின்னதா இருக்கும், ஆனா அதை ஒரு பெரிய பலகைத் தரையோட சேத்துக் கட்டினா அந்தத் தரை முழுக்க ஒரு ஸ்பீக்கரா மாறி தன் பங்குக்கு பாட ஆரம்பிக்கும், ஆம்பளக் குரலெல்லாம் பானைக்குள்ளருந்து வர்ற மாதிரி ஆயிரும். அதனால ஸ்டாண்டுக்கு அடியில ஒரு கடப்பா கல்லு, கல்லுக்கு அடியில மெத்துன்னு ரப்பரோ ஸ்பிரிங்கோ. அடி பேஸுக்குன்னு தனியா சப்வூஃபர் வச்சிருக்கவங்க இதை கண்டிப்பா பண்ணணும். புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்னா ட்வீட்டர் (கீச்சு சத்தம் பாடற சின்ன ஸ்பீக்கர்) உங்க காது உசரத்துக்கு வரணும், சோஃபாவுல உக்காந்து அளந்து பாருங்க, பெரும்பாலும் 24 அங்குல ஸ்டாண்டு சரியா வரும். இரும்புக் குழாய் ஸ்டாண்டுன்னா உள்ள மணல் நிரப்பினா குழாய் சத்தம் அடங்கும், முட்டியால தட்டிப் பாத்தா டிங்னு வந்தது டொக்குன்னு மாறும். ஆனா மணலை இரும்புச் சட்டியில நல்லா வறுத்து ஆறவச்சுதான் போடணும், நம்ம ஊரு ஈரத்துக்கு பச்சை மணலைப் போட்டா குழாய் உள்ளருந்தே துரு பிடிச்சு வரும்.

ஆம்ப், ஸ்ட்ரீமர் (நெட்லருந்து பாட்டு எடுத்துத் தர்றது), டாக் (டிஜிட்டலை சத்தத்துக்கான சிக்னலா மாத்தறது), இதுங்களுக்கு அடியில விலை உசந்த பாதம் எதுவும் வேணாம். கோத்தகிரியிலருந்து ஒரு தம்பி ஃபோன் பண்ணி "அண்ணா, ஸ்ட்ரீமருக்கு கார்பன் ஃபைபர் பாதம் வாங்கினா பேஸ் இறுகும்னு சொல்றாங்களே"ன்னு கேட்டான், "அந்தக் காசுக்கு ரெக்கார்டு வாங்குடா"ன்னுட்டேன். சிடி பிளேயருக்கு தடுக்காம ஓடினா போதும், தட்டுல 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்கு தகவல் போனாலும் அது பிழை திருத்தி முழுசா மீட்டெடுக்கும். கண்ணாடிக் குழாய் வச்ச வால்வு ஆம்ப் மட்டும் விதிவிலக்கு, 12ஏஎக்ஸ்7 மாதிரி சின்ன வால்வை பென்சிலால மெல்ல தட்டினா ஸ்பீக்கர்ல டிங்னு கேக்கும், சிலது ரொம்பவே கேக்கும், அதுங்களை ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி வைங்க. இதைவிட முக்கியம் ஸ்டெபிலைசர். மலையில வோல்ட்டேஜ் ஏறி இறங்கறதால எல்லார் வீட்லயும் ஒண்ணு இருக்கும், அதோட டிரான்ஸ்பார்மர் 100 ஹெர்ட்ஸ்ல உறுமும், ரிலே டக்டக்குன்னு அடிக்கும். அதை ரேக்கோட கீழ் தட்டுல வைக்கறவங்க நிறைய பேரு. வெளிய எடுத்து, தரையிலயும் வைக்காம, வேற செவுத்துல மாட்டுங்க.

பொருள் வாங்கும்போது ஈரத்தை மறந்துறாதீங்க. குன்னூர்ல அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை அடிச்சு ஊத்தும், நாள்கணக்கா மேகம் வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கும். பார்ட்டிக்கிள் போர்டு ரேக் ரெண்டு மழை தாங்காது, ஓரம் உப்பி ஸ்க்ரூ பிடி விட்டுரும், பிடி விட்ட ரேக் அதிர்வைக் கூட்டத்தான் செய்யும். எம்டிஎஃப்பும் அப்படித்தான். பிளைவுட் எடுத்தா ஐஎஸ் 710 முத்திரை போட்ட மெரைன் பிளை எடுங்க. பழைய பங்களா இடிச்ச தேக்கு கிடைச்சா விடாதீங்க. ஃபோம் வச்ச பாதமெல்லாம் நாளடைவுல பொடியா உதிரும். ரெக்கார்டு அட்டையில பூஞ்சை பிடிக்கறது தனிக்கதை, இருந்தாலும் ஒண்ணு சொல்லிடறேன், மழை அடிக்கற வெளிச் செவுத்துல ஷெல்ஃப் மாட்டாதீங்க, உள் செவுரா இருந்தா போல்ட்டும் துரு பிடிக்காது, ரெக்கார்டும் தப்பிச்சுக்கும்.

வெல்டிங் பட்டறையில சொல்றதுக்கு அளவு: ஒண்ணரை அங்குல எல் ஆங்கிள், 5 மில்லிமீட்டர் கனம், முக்கோணமா ரெண்டு பிராக்கெட், நீட்டு 15 அங்குலம், செவுத்துல படற பக்கம் 12 அங்குலம், குறுக்கால ஒரு சாய்வு தாங்கு கண்டிப்பா வேணும். முன்னாடி பக்கம் ரெண்டு பிராக்கெட்டையும் ஒரு பட்டையால சேத்துருங்க. ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் மேல ரெண்டு கீழ ஒண்ணு போல்ட்டு ஓட்டை, பவுடர் கோட்டிங்குக்கு முன்னாடியே போட்டுரணும், அப்புறம் துளைச்சா அந்த எடத்துலருந்துதான் துரு கிளம்பும். போல்ட்டு, வாஷர் எல்லாம் 304 ஸ்டெயின்லெஸ். மாட்டினதும் முழு எடை ஏத்தி ஒரு வாரம் விட்டுட்டு மறுபடி முடுக்குங்க, அதுக்கப்புறம் வருஷா வருஷம் மழை விட்டு தை மாசம் வெயில் வந்ததும் ஒரு தடவை ஸ்பேனரும் ரசமட்டமும் எடுத்துப் பாத்துக்கங்க.